மடித்த சீட்டு

காலை ஏழு மணிக்கே குடியிருப்பின் பொது ஹாலைத் திறந்த பெரியவள், கதவைச் சாத்திவிட்டு நேராக டேபிள் ஃபேனிடம் போனாள்.

அதன் கழுத்தில் நூலில் தொங்கிய மடித்த சீட்டை அவிழ்த்தாள். அடுத்த மேஜையில் இருந்த சுவர்க் கடிகாரத்தின் சீட்டையும் அவிழ்த்தாள். அதை இதிலும் இதை அதிலும் மாற்றிக் கட்டினாள்.

பிரித்துப் பார்க்கவில்லை. பார்க்க என்ன இருக்கிறது? ஃபேன், ஓரகத்தி சின்னவள் கொண்டுவந்தது. கடிகாரம் தன்னுடையது. படியில் செருப்புச் சத்தம் கேட்டதும் துடைப்பத்தை எடுத்துப் பெருக்க ஆரம்பித்துவிட்டாள்.

தப்புதான். ஆனால் அவள் வயிற்றெரிச்சலையும் கொஞ்சம் கேளுங்கள்.

இந்தச் சந்தையை ஆரம்பித்ததே அவள்தான். நல்ல நல்ல சாமானெல்லாம் குப்பைத்தொட்டியில் கிடப்பதைப் பார்த்து மனசு கேட்காமல், வீடு வீடாக ஏறி இறங்கினாள்.

"தூக்கிப் போடாதீங்க. ரிப்பேர் பண்ணிக் கொண்டு வாங்க. வேண்டாததைக் குடுத்துட்டு வேணுங்கறதை எடுத்துக்குங்க."

மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. சனிக்கிழமை சாயங்காலமே சாமான்களை அடுக்கிவிட வேண்டும். ஆள் பார்த்து யாரும் எடுக்கக் கூடாது என்று, கொடுத்தவர் யார் என்பதைச் சீட்டில் எழுதி மடித்துக் கட்டச் சொன்னதும் அவள்தான். சாமானை எடுத்த பிறகு குடியிருப்புச் செயலாளர் சீட்டைப் பிரித்து மைக்கில் படிப்பார். எல்லோரும் கை தட்டுவார்கள். யாருமே தொடாத சாமான் இருந்தால் கடைசியில் அதன் சீட்டையும் படிப்பார். உரியவர் திரும்பத் தூக்கிக்கொண்டு போக வேண்டும். பாவம், அந்தச் சட்டமும் அவளே போட்டதுதான்.

ஆறு மாதமாக முதலில் படிக்கப்படுவது சின்னவள் பெயர். போன மாதம் கடைசியில் படிக்கப்பட்டது பெரியவள் பெயர்.

சின்னவள் கை அப்படி. ஸ்குரூ டிரைவரோடு அவள் உட்கார்ந்தால் செத்துப்போன மிக்ஸிகூட எழுந்து உட்காரும். பெரியவள் மட்டும் சும்மாவா இருந்தாள்? இந்தக் கடிகாரத்தோடு மூன்று சாயங்காலம் மல்லுக்கட்டினாள். பெரிய முள் ஆறு வரை ஜோராக இறங்குகிறது. அப்புறம் ஏற மாட்டேன் என்கிறது.

"உனக்கு எதுக்கும்மா இந்த வம்பு?" என்றார் மாமியார். "சின்னவகிட்ட குடு. அஞ்சு நிமிஷத்துல முடிச்சிடுவா."

அந்த 'அஞ்சு நிமிஷ'த்தைக் கேட்டுத்தான் பெரியவளுக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு எரிந்தது. போதாக்குறைக்கு, குடியிருப்பே இப்போது இதை 'சின்னவங்க சந்தை' என்கிறது.

ஒரே ஒரு தடவை, மைக்கில் முதல் பெயராகத் தன் பெயரைக் கேட்டுவிட வேண்டும். அவ்வளவுதான் அவளுக்கு வேண்டியது.

பத்து மணிக்குக் கதவு திறந்தது. தையல்கார அம்மா விறுவிறுவென்று வந்து ஃபேன் சுவிட்சைத் தட்டினார்.

"அட, சத்தமே இல்லாம காத்து கொட்டுதே! தையல் மெஷின் பக்கத்துல வச்சுக்கலாம். எனக்கு இதுதான்."

பெரியவள் தலைமுடியைச் சரிசெய்துகொண்டு முன்னால் வந்து நின்றாள்.

செயலாளர் சீட்டைப் பிரித்தார்.

"முதல் சாமான். கொடுத்தவங்க... வேற யாரு, நம்ம சின்னவங்கதான்!"

ஹாலே கை தட்டியது. பெரியவள் ஓரடி பின்னால் நகர்ந்துகொண்டாள்.

ஒரு மணிக்கு மேஜையெல்லாம் காலி. கடிகாரம் மட்டும் தனியாகக் கிடந்தது. செயலாளர் அதன் சீட்டைப் பிரித்தார்.

"பெரியவங்களோடதா? விடுங்க, முதல் அரை மணி நேரம் நல்லாத்தான் ஓடுது!"

எல்லோரும் சிரித்தார்கள். பெரியவளும் சிரித்து வைத்தாள்.

தன் கையால் கட்டிய சீட்டு எப்படி இடம் மாறும்? யோசிக்க யோசிக்க அவளுக்குப் பொறி தட்டியது. காலையில் சின்னவள் எங்கிருந்தோ பார்த்திருக்கிறாள். கமுக்கமாகத் திரும்ப மாற்றிக் கட்டியிருக்கிறாள். வாயில் விரல் வைத்தால் கடிக்கத் தெரியாதவள் மாதிரி இருந்துகொண்டு என்ன காரியம் செய்திருக்கிறாள்!

கடிகாரத்தை அணைத்துக்கொண்டு வேகமாக வெளியே வந்தாள். படிக்கட்டு அருகே சின்னவள் நின்றிருந்தாள். அழுதிருக்கிறாள் என்று முகம் சொன்னது.

"அக்கா, என்னை மன்னிச்சிடுங்க."

"ஓ, நீயே ஒத்துக்கறியா? சீட்டுல கை வச்சது நீதானே?"

"ஆமாக்கா. நான்தான் மாத்திக் கட்டினேன்."

"அதானே பாத்தேன்! எப்ப?"

"நேத்து சாயங்காலம். நீங்க வீட்டுக்குப் போனப்புறம்."

"நேத்தா?"

"உங்க சீட்டை ஃபேன்ல கட்டினேன். என்னோடதைக் கடிகாரத்துல கட்டினேன். இந்தச் சந்தையே உங்களால வந்தது. போன மாசம் நீங்க சாமானைத் திரும்பத் தூக்கிட்டு வந்தப்ப என்னால பாக்கவே முடியலக்கா. இன்னிக்கு உங்க பேரைத்தான் முதல்ல படிக்கணும்னு ஆசைப்பட்டேன்."

பெரியவள் கடிகாரத்தைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டாள்.

சின்னவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். இப்போது அவள் குரலில் கோபம் ஏறியிருந்தது.

"உங்களுக்கு நல்ல பேர் வர்றது பொறுக்காத எவளோ காலையில வந்து திரும்ப மாத்திட்டா. யாருன்னு மட்டும் தெரியட்டும்க்கா, நான் அவளைச் சும்மா விட மாட்டேன்!"