பைனாகுலர் வேண்டாம்

“பைனாகுலரா? அது எதுக்கு வீண் சுமை?” என்று சொல்லிவிட்டு, கணவர் புதுச் சட்டையை எடுத்துப் பெட்டிக்குள் வைத்தார்.

எதிர் வீட்டில் கெஞ்சிக் கூத்தாடி அவள் இரவல் வாங்கி வந்த பைனாகுலர். ராக்கெட் கிளம்புவதைப் பார்க்க ஊர் தாண்டிப் போகிற மனிதர் அதைக் கையில்கூட வாங்கவில்லை. புதுச் சட்டைக்கு மட்டும் பெட்டியில் இடம் இருந்தது.

“நல்லாப் பாக்க வேண்டாமா?”

“தெரியற வரைக்கும் தெரியட்டும்” என்றார், அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு. இப்போதெல்லாம் இப்படித்தான். எதைப் பேசினாலும், இவளுக்கு எவ்வளவு தெரிந்துபோயிற்று என்று அளக்கிற பார்வை.

அவள் பைனாகுலரைத் தூக்கிக்கொண்டு கொல்லைப்புறம் வந்து உட்கார்ந்தாள்.

அவர் கார் மெக்கானிக். வண்டி தெருமுனையில் திரும்பும்போதே எந்தப் பாகம் படுத்துகிறது என்று சொல்லிவிடுகிற ஆள். அப்படிப்பட்டவரோடு இத்தனை வருஷம் குடும்பம் நடத்தியவளுக்கு, புருஷனிடம் எந்த நட்டு கழன்றது என்று கண்டுபிடிக்கத் தெரியாதா என்ன?

முதலில் அந்தப் பயண ஏற்பாடு. கடற்கரை ஹோட்டல் பால்கனியில் ரெண்டு பேருமாக உட்கார்ந்தால் ராக்கெட் அடியிலிருந்து நுனி வரை தெரியும் என்று ஏஜென்ட் தலைகீழாக நின்று சொன்னார். இவர் கேட்கவில்லை. ஏவுதளத்துக்கு ஆகக் கிட்டே இருக்கும் திடல்தான் வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றார்.

“அங்க முன்னாடி பூரா மரம் சார். பாதி மறைச்சிடும். அதுவும் ஒரே ஒரு ஆளுக்குத்தான் இடம் பாக்கி” என்றார் ஏஜென்ட்.

“ஒண்ணே போதும்” என்று வாங்கிவிட்டார் மகராசன். கட்டிய பெண்டாட்டி பக்கத்தில் நிற்கிறாளே என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அடுத்தது அந்த ஃபோன். துணி எடுக்க மாடிக்குப் போனவள் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஒரு பெண் குரல் கேட்டு அப்படியே நின்றாள். கள்ளத்தனத்தைக்கூட ஸ்பீக்கரில் போட்டுப் பேசுகிற ஆளை உலகத்தில் எங்கே தேடுவது?

“வீட்ல சொல்லிட்டீங்களா?” என்றாள் அந்தப் பெண்.

“இன்னும் இல்ல மேடம். தெரிஞ்சா தாங்கமாட்டா.”

“எத்தனை நாள்தான் மறைப்பீங்க? சரி, ஆசைப்பட்ட மாதிரி போயிட்டு வாங்க. தள்ளிப் போடாதீங்க. அப்புறம் வருத்தப்படக் கூடாது.”

அன்றிலிருந்து அதே நினைப்பு. கேட்டுவிடவும் பயம். ஆமாம் என்று சொல்லிவிட்டால்?

இன்றைக்கு அடக்க முடியவில்லை. பட்டறையில் அவருக்குக் கூட்டாளியாக இருக்கும் அண்ணனுக்கு ஃபோன் போட்டாள்.

“அண்ணே, உங்க மாப்பிள்ளை பட்டறையில எப்படி இருக்காரு? மறைக்காம சொல்லுங்க.”

“நானே சொல்லணும்னுதான் இருந்தேன். முன்ன மாதிரி இல்லம்மா. வண்டியை ஸ்டார்ட் பண்ணச் சொல்லிட்டு, பானட் மேல கையை வச்சுக்கிட்டு, கண்ணை மூடிக்கிட்டு அப்படியே நிக்கிறாரு. நேத்துகூட ரொம்ப நேரம். கண்ணுல தண்ணி வேற.”

“அழுதாரா?”

“எனக்கென்னவோ நெனப்பு வேற எங்கியோ போயிடுச்சுன்னு தோணுது. ராக்கெட்டுங்கிறதெல்லாம் சும்மா சாக்கு. நீ இன்னைக்கே கேட்டுடு. விட்டா கைமீறிப் போயிடும்.”

நெருப்பில்லாமல் புகையுமா? கூடப் பிறந்தவனே சொல்லிவிட்டான். அவள் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, விறுவிறுவென்று வீட்டுக்குள் போனாள்.

அவர் அறை வாசலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, துண்டை மடித்துக்கொண்டிருந்தார். நிதானமான மடிப்பு. அந்த நிதானத்தைப் பார்த்ததும் அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“யாரு அவ?”

அவர் துண்டைப் பெட்டியில் வைத்தார்.

“உங்களைத்தான் கேக்கறேன்! ராக்கெட் பாக்கப் போறவருக்கு பைனாகுலர் வேண்டாம், பெண்டாட்டி வேண்டாம், மரத்துக்குப் பின்னாடி இடம் மட்டும் வேணுமா? மாடியில நின்னு நான் எல்லாத்தையும் கேட்டுட்டேன். போறதுன்னா ஒரேயடியாப் போயிடுங்க! நான் அழுது தீத்துக்கறேன். ஆனா என் மூஞ்சியப் பாத்து ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போங்க!”

எதிர் வீட்டு ஜன்னல் திறந்தது. தெருவில் போய்க்கொண்டிருந்த சைக்கிள்காரர் காலை ஊன்றி நின்று திரும்பிப் பார்த்தார். இவர் அசையவில்லை. ஒரு காலுறையைப் பிரித்து, ஓட்டை இருக்கிறதா என்று விரலை விட்டுப் பார்த்தார்.

இப்படி ஒரு நெஞ்சழுத்தமா? அவள் குரல் உடைந்தது. “நான் உங்களுக்கு அவ்வளவு ஆகாதவளாப் போயிட்டேனா?” என்று அடிவயிற்றிலிருந்து கத்தினாள். கத்திவிட்டு நிலைப்படியில் சாய்ந்து விசும்பினாள்.

அவர் இன்னொரு காலுறையைத் தேடித் திரும்பினார். வாசலில் அவளைக் கண்டதும் தூக்கிவாரிப்போட்டது போல ஒருகணம் திடுக்கிட்டு, பிறகு நெஞ்சில் கை வைத்துக்கொண்டு சிரித்தார்.

“அட, எப்ப வந்தே? இப்படியா சத்தமே இல்லாம வந்து நிப்பே?”