பூனைப் பொருத்தம்

வளர்த்தவரை ஒருமுறை பறிகொடுத்த பூனை மறுபடியும் அநாதையாகக் கூடாது என்பது காப்பகத்தின் விதி. அதனால் பூனை கேட்டு வருபவர்கள் ஒரு சொட்டு ரத்தம் கொடுக்க வேண்டும். அதில் அவர்களுக்கு இன்னும் எத்தனை வருட ஆயுள் என்று தெரிகிறதோ, அத்தனை வருடம் இருக்கப்போகும் பூனையைத்தான் தருவார்கள்.

எழுபத்திரண்டு வயது குணவதி, நாளெல்லாம் தூங்கும் கிழட்டுப் பூனை ஒன்றை எதிர்பார்த்துத்தான் வந்திருந்தாள். கணவர் போன பிறகு ஒரு தட்டும் ஒரு டம்ளரும் போதுமென்று மற்ற பாத்திரங்களையெல்லாம் கொடுத்துவிட்டிருந்தாள்.

ஊழியர் கொண்டுவந்த சாம்பல் பூனைக்கு இரண்டு வயது.

"பதினாறு வருஷம் தாராளமா இருக்கும்மா" என்றார் சந்தோஷமாக.

பதினாறு வருஷம், அந்த ஒற்றைத் தட்டோடு.

பக்கத்து நாற்காலியில் கல்லூரிப் பையோடு ஒரு பெண். அவள் மடியில் பல் விழுந்த மஞ்சள் பூனை படுத்திருந்தது. குணவதி பூனையை மட்டும்தான் பார்த்தாள்.

"ஏம்மா, எனக்கு இந்த மாதிரி வயசானதுதான் வேணும். மாத்திக்கலாமா?"

அந்தப் பெண் சாம்பல் பூனையையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மாத்த மாட்டாங்க ஆன்ட்டி. நானும் கேட்டுப் பாத்துட்டேன்."