சாம்பல் நிறம் வேண்டாம்

“உயிர் இருக்கக் கூடாது. ஆனா அப்பா பார்த்தா உயிரோட இருக்கற மாதிரியே தெரியணும்” என்றான் சின்ன முதலாளி, கதவைச் சாத்திவிட்டு.

புரோகிராமர் பெண் தலையாட்டினாள். “பட்டனைத்தானே சார் சொல்றீங்க?”

“வேற எதை? ஆர்டர் திரையில அவருக்கு ‘சரி’ பட்டன், எனக்கு ‘வேண்டாம்’ பட்டன். ஒரு வருஷமா நான் வேண்டாம்னு தள்ளினது எல்லாம் எப்படியோ உள்ள வந்துடுது. அட்டைப்பெட்டி பண்ற மெஷின் ரெண்டும் வேலை தாங்காம இரும ஆரம்பிச்சாச்சு. இப்படியே போனா கம்பெனியை இழுத்து மூட வேண்டியதுதான்.”

“அவர்கிட்டயே சொல்லிப் பார்க்கலாமே சார்.”

“நீங்க சொல்லிப் பாருங்களேன்.”

அவள் லேப்டாப்பைத் திறந்தாள்.

முடக்கிவைத்த பட்டனைக் கம்ப்யூட்டர் தானாகவே சாம்பல் நிறமாக்கிவிடும். பெரியவர் பார்த்த உடனே கண்டுபிடித்துவிடுவார். அதனால் அவள் முடக்கவில்லை. பட்டனை வரைகிற பொறுப்பைக் கம்ப்யூட்டரிடமிருந்து பிடுங்கித் தன் கையில் வைத்துக்கொண்டாள்.

மௌஸ் மேலே வந்தால் நீலம் வெளிறும். அமுக்கினால் நிழல் சுருங்கி, ஒரு முடியளவு உள்ளே இறங்கும். விட்டால் சின்னதாக ஒரு ‘டிக்’ சத்தம். ஆர்டர் மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கும்.

டீ ஆறுவதற்குள் முடித்துக் காட்டினாள்.

“அதுக்குள்ளயா?”

“ஏற்கெனவே எழுதின பட்டன் ஒண்ணு இருந்தது சார். அதுக்கு வாரிசா இதை எடுத்தேன். நிறமும் எழுத்தும்தான் புதுசு.”

அவன் அமுக்கிப் பார்த்தான். “பிரமாதம். என்னோடது மாதிரியே இருக்கு.”

பெரியவர் அறைக்குப் போய்ப் புதுத் திரையை ஏற்றினாள். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ‘சரி’யை அமுக்கினார். பட்டன் இறங்கியது, எழுந்தது. மறுபடியும் அமுக்கினார். ஆர்டர் இருந்த இடத்திலேயே இருந்தது.

“அழகா இருக்கும்மா. அவனோடது மாதிரி இதுவும் சும்மாதானே?”

அவள் கீபோர்டில் தூசி தட்டினாள்.

“எல்லா ஆர்டரையும் வேண்டாம் வேண்டாம்னு தள்ளிடறானேன்னு போன வருஷம் உன்கிட்ட அவன் பட்டனை இப்படிப் பண்ணச் சொன்னேன். இப்ப என்னோடதை அவன் பண்ணச் சொல்லிட்டான்.”

அவள் தட்டுவதை நிறுத்தினாள். பெரியவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“அப்ப இனிமே கம்பெனியை நடத்தப் போறது நீதானாம்மா?”