தீவில் ஒரு சுமைதாங்கி

பனிக்குள் படகு தெரியவில்லை. கோடரிகள் ஒன்றோடொன்று உரசும் ஒலி மட்டும் ஆற்றின் மேல் வந்துகொண்டிருந்தது.

பிள்ளைகள் மரங்களின் அடியில் நின்றார்கள். ஞாயிறுதோறும் நிற்பது போலவே, ஆளுக்கொரு மரம்.

குண்டசாலைக்குக் கீழே மகாவலி இரண்டாகப் பிரிந்து மறுபடி சேரும் இடத்தில் இருக்கிறது இந்தத் தீவு. கண்டி ராசாக்களின் பூந்தோட்டம். கடைசி ராசாவை வெள்ளைக்காரர்கள் கப்பலேற்றிவிட்டார்கள். மண்டபம் இடிந்துவிட்டது. நாகமரங்களும் மகிழமரங்களும் மட்டும், பார்க்க ஆளில்லாமலே உயர்ந்துகொண்டிருந்தன.

உச்சிக் கிளைகளுக்கு வௌவால்கள் திரும்பி வந்து, சிறகுகளை மடித்துக்கொண்டன.

நான் மலைமேல் ஒரு கோப்பித் தோட்டத்தில், கூலியாட்களின் லயத்துப் பிள்ளைகளுக்கு வாத்தியார். யாழ்ப்பாணத்தில் கல்லூரி படித்தவன். போன வருடம் மனைவி இறந்தாள். காய்ச்சல் என்று இங்கே சொல்லியிருந்தேன். அதற்கு மேல் யாரும் கேட்கவில்லை.

வகுப்பில் பேச எனக்கு அதிகம் இருக்கவில்லை. அதனால்தான் ஞாயிறுகளில் அவர்களை இங்கே கூட்டி வந்தேன்.

கல்லூரியில் கற்ற மரப்பெயர்களைச் சொன்னேன். கேட்டுச் சிரித்தார்கள். தாங்களாக வேறு பெயர் வைத்தார்கள். கை ஓங்கினாற்போல் கிளை நீட்டி நிற்கும் மரத்துக்குக் கங்காணி என்று பெயர். விழுந்த பூவை மட்டும் எடுக்கலாம், கிளையிலிருந்து பறிக்கக் கூடாது. அதுவும் அவர்களே போட்ட சட்டம்.

பிறகு தோட்டத்துத் துரைக்குப் பலகை தேவைப்பட்டது. கோப்பி அனுப்பும் பீப்பாய்களுக்கு. தீவை வெட்டச் சொல்லிவிட்டார்.

வெட்டப் போகிறவர்கள் இந்தப் பிள்ளைகளின் அப்பாக்கள்.

பாலம்மாவுக்கு ஒன்பது வயது. வெட்டும் கூட்டத்துக்கு மூத்தவரான வீரையாவின் மகள். அப்பா துரைக்குப் பயப்படுவார், ஆனால் ஒரு கல்லுக்கு அதைவிடப் பயப்படுவார் என்றாள்.

வயிற்றில் பிள்ளையோடு செத்துப் போனவளுக்காக வழியோரத்தில் வைக்கும் சுமைதாங்கிக் கல். இரண்டு கல்லை நிறுத்தி, மேலே குறுக்காக ஒன்றைக் கிடத்துவார்கள். வழியில் போகிறவர்கள் தலைச்சுமையை அதில் இறக்கி வைத்து இளைப்பாறினால், அவளுடைய சுமையும் இறங்கும். அந்தக் கல்லுக்கு நிழல் தரும் மரத்தை வெட்டினால், வெட்டியவன் வீட்டில் பிரசவம் நல்லபடி ஆகாது.

அம்மாவுக்கு இது ஏழாம் மாசம் என்றும் அவளே சொன்னாள், வாய்ப்பாடு ஒப்பிக்கிற குரலில்.

மண்டபத்தில் உடைந்து கிடந்த தூண்களில் மூன்றை உருட்டி வந்தோம். நிறுத்தினோம். குறுக்குக் கல்லைத் தூக்கும்போது என் கைகள் வேலை செய்தன. வேறு எதுவும் செய்யவில்லை.

பிள்ளைகள் ஆற்றுப் பாறையிலிருந்து பாசியை உரித்து வந்து ஒட்டினார்கள். மூன்று ஞாயிறில் கல்லுக்கு நூறு வயதாகிவிட்டது.

செத்தவள் பெயர் தெரியாத கல்லை அப்பா பொய் என்று கண்டுபிடித்துவிடுவார் என்றாள் பாலம்மா. ராசா வீட்டுப் பெண், பெயர் மீனாட்சி என்று முடிவு செய்தோம். எல்லோரும் சொல்லிப் பழகிக்கொண்டார்கள்.

படகு மணலில் இடித்து நின்றது. ஆட்கள் முழங்காலளவு பனியில் நடந்து வந்தார்கள். தங்கள் பிள்ளைகளைப் பார்த்தார்கள். பிள்ளைகள் அசையவில்லை.

வீரையா கல்லைச் சுற்றி ஒரு முறை நடந்தார்.

“ஆளே நடக்காத தீவுல சொமைய எறக்குறது யாரு வாத்தியாரே, வவ்வாலா?”

பின்னால் ஒன்றிரண்டு பேர் சிரித்தார்கள். பாலம்மா தன் கால்விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வீரையா சிரிக்கவில்லை. பாசியின் மேல் உள்ளங்கையை வைத்தார். வைத்த கையை எடுக்கவில்லை.

“யாரு கல்லு இது?”

பிள்ளைகள் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

“அன்னப்பிள்ளை,” என்றேன்.

“எத்தன மாசம்?”

“எட்டு.”

மகிழம்பூ ஒன்று சுழன்றபடி இறங்கி வந்தது. தரைக்கு வர அதற்கு வெகுநேரம் ஆனது போலிருந்தது.

வீரையா என் முகத்தைப் பார்த்தார். கல்லைப் பார்க்கவில்லை. பிறகு தோளிலிருந்த கோடரியை இறக்கி, குறுக்குக் கல்லின் மேல் சத்தமில்லாமல் கிடத்தினார். மற்றவர்களும் ஒருவர் பின் ஒருவராக வந்து கிடத்தினார்கள். கொஞ்ச நேரம் எல்லோரும் வெறுந்தோளோடு நின்றார்கள்.

கோடரிகளைத் திரும்ப எடுத்துக்கொண்டு நடக்கும்போது, துரைக்கு என்ன சொல்வது என்று ஒருவன் கேட்டான். எல்லா மரமும் உள்ளே உளுத்துக் கிடக்கிறது, பீப்பாய்க்கு ஆகாது என்று சொன்னால் போகிறது என்றார் வீரையா.

படகு பனிக்குள் போயிற்று. கோடரிகளின் ஒலி இல்லை. ஒவ்வொருவரும் தன்னுடையதை மடியில் பிடித்திருக்க வேண்டும்.

பாலம்மா என் சட்டையை இழுத்தாள்.

“பேர மாத்திச் சொல்லிட்டீங்க வாத்தியாரே.”

“ஓம்,” என்றேன்.

அவள் கல்லருகே போனாள். கழன்று தொங்கிய பாசித் துண்டை மறுபடி அழுத்தி ஒட்டினாள்.

“சரி, இனிமே இதையே வச்சுக்குவோம்.”