கேட்டியில் ஒரு கோர்டோபா

“பேரைச் சொல்லுங்க தம்பி. எந்தப் புண்ணியவான் கம்ப்ளெய்ண்ட் கொடுத்தது?”

ஜைனுதீன் கேட்ட வேகத்தில், திருமூர்த்தியின் கையில் இருந்த அளவு டேப் சரக்கென்று சுருண்டுகொண்டது.

“சொல்லக் கூடாது அங்கிள். ஹெச்.ஓ.ஏ. ரூல்.”

ஹூஸ்டனை ஒட்டிய கேட்டி என்ற ஊரில், ஹெச்.ஓ.ஏ. என்கிற குடியிருப்புச் சங்கத்தின் நிர்வாகக் குழுவில் திருமூர்த்தி இந்த வருடம்தான் உறுப்பினர் ஆகியிருந்தான். புல் உயரமாக வளர்ந்தாலோ, குப்பைத் தொட்டி வாசலில் நின்றாலோ, போய்க் கதவைத் தட்டி அசடு வழிய வேண்டிய வேலை. தமிழ் வீடு என்றால் அவனைத்தான் தள்ளிவிடுவார்கள்.

இன்றைய விவகாரம் ஜைனுதீன் வீட்டுக் கொல்லையில் இருந்த கராஜ் சுவர். மனைவி தாஜ் நிஷாவோடு ஸ்பெயின் போய் வந்தவர், கோர்டோபா நகரத்தை அப்படியே அந்தச் சுவரில் இறக்கி வைத்திருந்தார். கூரை வரைக்கும் நீலத் தொட்டிகள். தொட்டிக்குத் தொட்டி சிவப்பு ஜெரேனியம் பூக்கள்.

“அங்க வீட்டுக்கு வீடு முற்றம் இப்படித்தான் தம்பி. மே மாசம் வந்தா கதவைத் திறந்து வச்சு ஊரையே உள்ள விடறாங்க. யுனெஸ்கோவே பாரம்பரியம்னு சொல்லிருக்கு. இங்க என்னடான்னா, வேலிக்கு மேல தெரியுது, எடுங்கறான்!”

“வேலிக்குக் கீழ இருக்கறது இருக்கட்டும் அங்கிள். மேல உள்ளதை மட்டும்...”

“மேல உள்ளதுதான் தம்பி கோர்டோபா! கீழ உள்ளது வெறும் ஹோம் டிப்போ கடைச் சரக்கு.”

கராஜுக்கு எதிரே, வீட்டுச் சமையலறை ஜன்னலில் எலுமிச்சைப் படம் போட்ட திரைச்சீலை விலகியது. “தம்பிக்கு சீனி போடலாம்ல?”

தாஜ் நிஷா தேநீரோடு வெளியே வந்தாள். கோப்பையை வாங்கிய ஜைனுதீனின் முழங்கையில் கட்டு.

“கையில என்ன அங்கிள்?”

“ஒண்ணுமில்ல. ஏணி லேசா ஸ்லிப் ஆச்சு.”

“லேசா!” என்றாள் தாஜ் நிஷா. “கோர்டோபால ஒரு அம்மா தரையில நின்னுக்கிட்டே, கம்புல டப்பா கட்டி, மேல உள்ள செடிக்கெல்லாம் தண்ணி ஊத்துச்சு. அதை மட்டும் இவரு பாக்கலை.”

“தண்ணி ஊத்தலாம் தாஜு. காஞ்ச இலையைக் கம்பா கிள்ளும்?”

அவள் தட்டைத் துடைத்துக்கொண்டு நின்றாள். நிறைய தடவை கேட்ட பதில் போலிருந்தது.

“சரி, கம்ப்ளெய்ண்டோட போட்டோ வந்திருக்கும்ல? காட்டுங்க தம்பி. எந்த வீட்டு ஜன்னல்லேருந்து எடுத்ததுன்னு ஆங்கிளை வச்சே சொல்லிருவேன். பைப்லைன் டிராயிங் பாத்தே தலை நரைச்சவன் நான்.”

திருமூர்த்தி போனைச் சட்டைப் பைக்குள் இன்னும் ஆழமாகத் தள்ளினான்.

“காட்ட வேணாம். எனக்கே தெரியும். பின்வீட்டு கஸ்தூரிரங்கன்தான்! அன்னைக்கே, ‘என்ன பாய், கராஜுக்குத் தாடி மொளைச்சிருக்கு’ன்னு நக்கல் அடிச்சாரு. இனிமே அவர் வீட்டுப் படி ஏற மாட்டேன்.”

“ஐயோ, அவரு இல்லைங்க,” என்றாள் தாஜ் நிஷா.

“உனக்கெப்படித் தெரியும்?”

“உங்க முட்டி ஆபரேஷனுக்கு, தெரபிக்கு எல்லாம் கார்ல கூட்டிட்டுப் போனவரு. அவரா செய்வாரு?”

“அப்ப வேற எவன்? எவனா இருந்தாலும் சரி, அவன் கை வெளங்காம...”

“நிறுத்துங்க! சாபமெல்லாம் விடாதீங்க.”

ஜைனுதீன் திருமூர்த்தியைப் பெருமையோடு பார்த்தார். “பாத்தீங்களா? எதிரிக்கும் இரக்கப்படற மனசு என் தாஜுக்கு.”

திருமூர்த்திக்குத் தேநீர் புரையேறியது.

“மீட்டிங்ல அப்பீல் பண்ணலாம் அங்கிள்.”

“பண்ணினா அவன் பேரைச் சொல்லுவாங்களா?”

“மாட்டாங்க.”

ஜைனுதீன் சுவரை அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு சட்டைக் கையை மடித்தார். “என் கையாலயே எடுத்துடறேன்.”

“நீங்க ஏற வேணாம்!” தாஜ் நிஷாவும் திருமூர்த்தியும் ஒரே நேரத்தில் கத்தினார்கள்.

திருமூர்த்தியே ஏறினான். மேல் வரிசைத் தொட்டிகளை அவன் ஒவ்வொன்றாக இறக்கித் தர, ஜைனுதீன் தூங்கும் பிள்ளையை வாங்குவது போல இரண்டு கையாலும் வாங்கி, வேலியோரம் வைத்தார். கடைசித் தொட்டியை வைத்துவிட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

“தம்பி, ஏணியை உங்க வீட்டுக்கே எடுத்துட்டுப் போயிடுங்க,” என்றாள் தாஜ் நிஷா மெதுவாக. “திருப்பித் தர வேணாம்.”

ஏணியை வண்டியின் மேல் கட்டிவிட்டு, புகாரை முடித்து வைக்கத் திருமூர்த்தி போனைத் திறந்தான். படம் வந்தது. ஏணி உச்சியில், ஒற்றைக் காலை அந்தரத்தில் நீட்டி, காய்ந்த இலையை எட்டிக் கிள்ளும் ஜைனுதீன். படத்தின் ஓரத்தில், யாரோ அவசரத்தில் ஒதுக்கிய திரைச்சீலையில் இரண்டு எலுமிச்சம்பழம்.