ஆடத் தெரியாத அப்பா

"அப்பா, வலது கால்! சாப்பிடுற கைப் பக்கம் இருக்கே, அந்தக் கால்!"

"இப்படித் தெளிவாச் சொல்லணும்" என்ற அப்பா, இடது காலைத் தூக்கி வைத்தார்.

மகளுக்கு அழுகை முட்டியது. நடன அறையின் நீளக் கண்ணாடியில் இன்னொரு அப்பாவும் சேர்ந்து தப்பு செய்துகொண்டிருந்தார். மூலையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த தலைமை ஆசிரியை கையால் தாளம் தட்டியபடி, ஒவ்வொரு தப்புக்கும் உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினார்.

இந்த நடனப் பள்ளியில் ஆசிரியை வேலைக்கு ஒரே பரீட்சைதான். "நல்லா ஆடுறவங்க தெருவுக்கு நாலு பேர் இருக்காங்கம்மா. ஆடவே தெரியாத ஒருத்தரைக் கூட்டிட்டு வந்து, என் கண் முன்னாடி ஆட வை" என்று தலைமை ஆசிரியை சொல்லியிருந்தார். அம்மாவுக்கு முழங்கால் வலி. வாய்த்தவர் அப்பாதான்.

பள்ளிக்கூட வேன் ஓட்டும் அப்பாவுக்கும் நடனத்துக்கும் ஏழாம் பொருத்தம். சின்ன வயதில் அவளை நடன வகுப்புக்குக் கொண்டுபோய் விட்டவரும் அவர்தான். வகுப்பு முடிகிறவரை ஜன்னலோர பெஞ்சில் பேப்பருக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு, "என்ன குதியோ, என்ன கூத்தோ" என்று முணுமுணுத்தவரும் அவர்தான். இன்று காலை வேனைக் கிளப்பும்போதே கறாராகச் சொல்லிவிட்டார்.

"இந்த வேலை கிடைக்கலைன்னா ஆட்டத்தை மூட்டை கட்டிட்டு, பெரியப்பா கடையில போய் உக்காரணும். சரியா?"

சரி என்று தலையாட்டித் தொலைத்திருந்தாள். குழந்தைகளுக்கு நடனம் சொல்லிக் கொடுப்பதைத் தவிர வேறு எதற்கும் அவள் ஆசைப்பட்டதே இல்லை. பாவி மனுஷன், வேண்டுமென்றே காலை வாருகிறாரோ?

"இன்னொரு தடவைப்பா. முன்னாடி ஒண்ணு, பின்னாடி ஒண்ணு, அப்புறம் திரும்பணும்."

அப்பா முதலில் பின்னாடி போனார், பிறகு முன்னாடி வந்தார், திரும்பாமல் நின்றார்.

"எனக்கு வராதும்மா. ஸ்டியரிங் பிடிக்கிறவனைக் கூட்டிட்டு வந்து ஆடுன்னா?"

அவள் சட்டென்று நிமிர்ந்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"சரி, ஆட வேணாம். வண்டி ஓட்டுங்க. இடது காலால கிளட்சை மிதிங்க. கையால கியர் மாத்துங்க. இப்ப வலது கால், ஆக்சிலேட்டர். மெதுவாப்பா, உள்ளே குழந்தைங்க இருக்காங்க! அதோ வளைவு வந்துடுச்சு, ஒடிச்சுத் திருப்புங்க!"

அப்பா மிதித்தார், மாற்றினார், திரும்பினார். அடுத்த முறை பிசிறில்லாமல் வந்தது. அதற்கடுத்த முறை வேனைக் காணோம், நடனம்தான் இருந்தது.

தலைமை ஆசிரியை எழுந்துவிட்டார். "வேலை உனக்குத்தாம்மா. ஆபீஸ்ல சொல்லி இந்த ரூம் சாவியை வாங்கிக்கோ."

"பார்த்தீங்களாப்பா, உங்களையே ஆட வச்சிட்டேன்!" அப்பாவை இறுக்கிக் கட்டிக்கொண்டுவிட்டு அவள் ஓடினாள்.

கதவு மூடிக்கொண்டதும் தலைமை ஆசிரியை அருகில் வந்தார்.

"சார், தெரியாதவங்களுக்கு முதல்ல தப்புறதே தாளம்தான். நீங்க காலை அத்தனை தப்பா வச்சீங்க, ஒரு தப்பாவது தாளத்தை விட்டு விலகணுமே!"

அப்பா கதவை ஒரு தடவை பார்த்துக்கொண்டார். குரலைத் தாழ்த்தினார்.

"அவகிட்ட சொல்லிடாதீங்க மேடம். பேப்பர்ல ஓட்டை போட்டுப் பார்த்துப் பார்த்து, அவளுக்கு வந்ததெல்லாம் எனக்கும் வந்துடுச்சு. எந்த மக்குக்கும் புரியிற மாதிரி அவ சொல்லிக் கொடுக்கிற வரைக்கும் சரியா ஆடிடக் கூடாதுன்னு, இந்தக் காலைப் பிடிச்சு வைக்கிறதுக்குள்ள எனக்கு உயிரே போயிடுச்சு!"