துணைக்கு ஆள்

"லாரியை ஏத்திப்புட்டு நல்ல பிள்ளை மாதிரி நிக்கிறியே" என்று நர்ஸ் சுபைதா அந்த டிரைவரிடம் எரிந்து விழுந்தாள். காரைக்குடி ஆஸ்பத்திரி வார்டு வாசலில், சட்டையெல்லாம் ரத்தக்கறையோடு நின்ற அவன் கட்டிலையே பார்த்துக்கொண்டிருந்தான்.

கட்டிலில் கிடந்த மலையம்மாள்தான் பதில் சொன்னாள். "அவன் ஏத்தலை. நான் கூரையில இருந்து விழுந்தேன். ரோட்டுல போனவன் தூக்கியாந்து போட்டான். வேலை முடிஞ்சதுல்ல, போகச் சொல்லுங்க."

"இந்த வயசுல கூரையில என்ன வேலை?"

"மழைக்கு முன்னால கீத்து மாத்துனேன்."

"அதுக்குக் கூலிக்கு ஆள் கிடைக்கலையா?"

"எனக்குக் கை இல்லையா?"

மலையம்மாள் அப்படித்தான். புதுவயல் அரிசி ஆலையில் நெல் காயவைக்கிறவள். புருஷன் போன நாளிலிருந்து ஒருவரிடமும் ஒரு வாய்த் தண்ணீர் கேட்டதில்லை. ஒருமுறை காய்ச்சலில் கிடந்தபோது கஞ்சி கொண்டுபோன பக்கத்து வீட்டுக்காரியை, "நான் செத்துட்டேன்னு யாரு சொன்னா?" என்று கேட்டுத் திருப்பி அனுப்பியவள்.

சுபைதா ஊசியை எடுத்தாள். வாசலிலிருந்து டிரைவர் மெதுவாகச் சொன்னான். "அவுகளை அங்குட்டுப் பாக்கச் சொல்லிட்டுக் குத்துங்க."

"அவன் என்ன டாக்டரா? நீ குத்து தாயி." மலையம்மாள் ஊசியையே முறைத்துக்கொண்டு கையை நீட்டினாள்.

டாக்டர் வந்து காலைப் பார்த்தார். முழங்காலுக்குக் கீழே எலும்பு வெளியே துருத்திக்கொண்டிருந்தது.

"மதுரைக்குத்தான் கொண்டுபோகணும். காலை எடுக்கும்படிகூட ஆகலாம். துணைக்கு யாரும்மா வர்றா?"

"யாரும் வேணாம்."

"பிள்ளைங்க?"

"ஒருத்தன் இருந்தான். பிடிச்சவளைக் கட்டிக்கிட்டுப் போயிட்டான். போனவன் போனவன்தான்."

"தனியா அனுப்ப முடியாதும்மா."

"நான் போறேன் சார்" என்றான் டிரைவர்.

மலையம்மாள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "உன்னை யாரு கேட்டா? லாரியில சரக்குக் கெடக்கு. போயி உன் சோலியைப் பாரு."

டாக்டர் தலையை ஆட்டிவிட்டு வேனுக்குச் சொல்லப் போனார். மலையம்மாளுக்கு நாக்கு வறண்டது. பக்கத்து ஸ்டூலில் இருந்த தம்ளரை எட்டி எடுக்கப் பார்த்தாள். அது கவிழ்ந்து சேலையெல்லாம் நனைந்தது. டிரைவர் ஓடிவந்து, தோளில் கிடந்த துண்டால் துடைக்கக் குனிந்தான்.

"தொடாதே."

துண்டைக் கையில் பிடித்தபடியே அவன் வெளியே போய்விட்டான்.

எதிர்க் கட்டிலில் ஒருத்திக்கு அவள் புருஷன் விசிறிக்கொண்டிருந்தான். மலையம்மாள் முந்தானையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டாள். கால்விரலை அசைத்துப் பார்த்தாள். விரல் இருக்கிற மாதிரியே தெரியவில்லை. கால் போய்விட்டால் கிணற்றடிக்கு எப்படிப் போவது? விழுந்தால் யார் தூக்குவது? இதுவரை அவள் அதை யோசித்ததே இல்லை.

வேன் வந்தது. இரண்டு பேர் அவளைத் தூக்கியபோது அவள் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் கிளம்பியது. சேலையைக் கடித்து அதையும் அடக்கிக்கொண்டாள்.

சுபைதாவின் குரல் இப்போது இறங்கியிருந்தது. "நீ கிளம்புப்பா. எங்க ஆயா யாரையாவது கூட அனுப்புறோம். இந்தம்மாகிட்ட நீ வாங்குன பேச்சு போதும்."

டிரைவர் ஒரு கணம் நின்றான். பிறகு லாரியைப் பார்த்து நடந்தான்.

வேனுக்குள்ளிருந்து ஒரு கை வெளியே நீண்டது. சுபைதா ஓடிப்போய்ப் பிடித்தாள். மலையம்மாள் அதை உதறினாள். உதறிய கையை உள்ளே இழுத்துக்கொள்ளாமல் லாரிப் பக்கமாகவே நீட்டினாள்.

"ராமு, உங்காத்தாளுக்குப் பயமா இருக்குடா."